ஆறாம் கட்டிலின் பெயர்

நான் படுத்திருந்த அறையில் ஒரு கரும்பலகை இருந்தது. அது மூடிப்போன பள்ளிக்கூடம். ஜப்பான்காரன் காலத்தில் அதை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். கட்டில் எண்ணையும் நோயாளியின் பெயரையும் ஊரையும் அந்தக் கரும்பலகையில் எழுதி வைப்பார்கள். ஆறாம் எண்ணுக்கு நேரே 'நாகப்பன் பிள்ளை, காஜா பேராங்' என்று இருந்தது. ஆறாம் கட்டிலில் படுத்திருந்தவன் நான். என் பெயர் சடையன்.

ஐம்பது நாளுக்குக் கிட்ட அந்தப் பெயரில் படுத்திருந்தேன். கால் எப்படித் தப்பியது என்று கேட்பவர்களிடம் மருந்து என்றே சொல்லி வந்திருக்கிறேன். அது பாதிதான். மீதியை இங்கே எழுதுகிறேன்.

மலாக்காவில், புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு வரை. ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஈயச் சுரங்கத்தில் மண் வெட்டினேன், துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன், கிளேபாங் கடற்கரையில் மீன்காரர்களுக்கு வலை இழுத்தேன். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என்னைப் பிடிப்பது சுலபமாக இருந்தது. இலவசமாகப் படம் காட்டுகிறார்கள் என்றார்கள். போனேன். படம் முடியும் முன்பே கதவைப் பூட்டி எங்களை லாரியில் ஏற்றினார்கள். காணவில்லை என்று தேட எனக்கு வீட்டில் யாருமில்லை.

நாகப்பன் வேறு மாதிரி. மூன்று மாத வேலை, வீட்டுக்கு அரிசி வரும் என்ற பேச்சை நம்பித் தானாகவே போய்ப் பெயர் கொடுத்தவன். அவன் மலாக்காச் சிட்டி. பல தலைமுறைக்கு முன் வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் அவை. கும்பிடுவது நம் சாமி, வைப்பது நம் பெயர், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். முகாமில் அவன் வாயைத் திறந்தாலே சிரிப்புத்தான். "நான் பசி" என்பான். "நீ பசின்னா நான் சோறு, தூரமா இரு" என்பான் பக்கத்தில் படுப்பவன். நாகப்பன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனும் சிரிப்பான்.

பசியில் எல்லோரும் சாப்பாட்டைப் பற்றியே பேசுவோம். அவன் பேசியது பர்ச்சுவைப் பற்றி. பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, காஜா பேராங்கில் சிட்டி வீடுகளில் இறந்தவர்களுக்கு இலை போடுவார்கள். அதுதான் பர்ச்சு. செத்தவருக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து வாழையிலையில் வைத்துவிட்டு, வீட்டார் எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போன பிறகுதான் இருப்பவர்கள் உட்காருவார்கள். "எனக்கு இலை போடுற அன்னிக்கு சிஞ்சாலோக் வைக்கணும். இல்லாட்டி நான் வர மாட்டேன்" என்றான் ஒருநாள். சிஞ்சாலோக் என்பது உப்பில் ஊறவைத்த பொடி இறால். கிளேபாங் கடலில் அந்த இறாலை நானே வாரியிருக்கிறேன்.

வயிற்றுப்போக்கில் ஒன்பது நாள் கிடந்து அவன் செத்துப்போனான். குழிக்குத் தூக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். குழி வாயில் நின்றவன் எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டான். பெயர் கேட்கவில்லை.

அவன் சட்டைப் பையில் இருந்த ஊர் அட்டையை நான் எடுத்துக்கொண்டேன். அரிசி வாங்குவதற்காக மலாக்காவில் கொடுத்த அட்டை அது. பெயர், வீடு, முத்திரை எல்லாம் இருந்தன. அவன் மனைவியிடம் சேர்க்கத்தான் எடுத்தேன். அது உண்மை. பிறகு அது எனக்கே பயன்பட்டது. அதுவும் உண்மை.

தப்பி ஓடியவர்கள் மூன்று பேர், மலாக்கா வந்து சேர்ந்தவன் நான் ஒருவன். வழியெல்லாம் சொல்லப்போவதில்லை. வந்து சேர்ந்தபோது என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சதை இல்லை. எலும்பு தெரிந்தது. மூங்கில் கீறிய சின்னக் காயம்தான் அப்படி ஆகியிருந்தது. ஒரு மாட்டு வண்டிக்காரர் என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

வாசலில் மேசை போட்டு டிரெஸ்ஸர் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்கு அடுத்தபடி மருந்து கட்டுகிறவரை அப்படித்தான் சொல்வோம். இவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியானவர். எனக்கு முன்னால் நின்ற ஆளைக் கேட்டார்: "ஊர் அட்டை இருக்கோ?"

"இல்லைங்க. சயாமிலேருந்து வர்றேன்."

"பின்னால போம்."

பின்னால் இருந்தது பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகை. தகரக் கூரை, சுவர் கிடையாது. அங்கே தரையில் வரிசையாக ஆட்கள் கிடப்பது வாசலிலிருந்தே தெரிந்தது. ஊர் அட்டை உள்ளவர்களுக்குக் கட்டிலும் மருந்தும். சயாமிலிருந்து வந்தவர்களுக்கும் திக்கற்றவர்களுக்கும் கொட்டகையும் கஞ்சியும். மருந்து குறைவு, அதனால் மேலே உள்ளவர்கள் போட்ட விதி அது.

என் முறை வந்தது. நான் அட்டையை நீட்டினேன்.

டிரெஸ்ஸர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நாகப்பன் பிள்ளையோ?"

"ஆமாங்க."

"உள்ள போம்."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் சொன்னேன், கட்டில் கிடைத்தது.

என் புண்ணுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார்கள். வெப்ப நாட்டில் வரும் புண், சத்துக் குறைந்த உடம்பில் சதையைத் தின்றுகொண்டே போகும் என்று அர்த்தமாம். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார்கள். மலேரியாக் கிருமி இருந்தது. தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, செத்த சதையைக் கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். சாதாரணத் தேக்கரண்டிதான், ஓரத்தைத் தீட்டியிருந்தார்கள். இரண்டு பேர் என் தோளை அமுக்கிக்கொள்வார்கள். முடிந்ததும் சல்ஃபா பொடி கொஞ்சம் தூவுவார்கள், கறிக்கு உப்புப் போடுவதைவிடக் குறைவாக. கட்டுத்துணி புதிதாகக் கிடையாது. பழையதை வேகவைத்துக் கொடிக்கம்பத்துக் கயிற்றில் காயப் போடுவார்கள். பொடி வேலை செய்யாவிட்டால் தொடையோடு வெட்ட வேண்டியதுதான் என்று டிரெஸ்ஸர் சொன்னார். சுற்றித் திரிந்தே பிழைத்தவன் நான். ஒற்றைக் காலோடு என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

ஏழாம் கட்டிலில் ஒரு கிராணி இருந்தார். ஆயர் குரோப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதியவர். பெரி பெரி வந்து கால் இரண்டும் வீங்கியிருந்தன. அரிசி தின்னாமல் மரவள்ளிக்கிழங்கே தின்றால் வருவது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அவர் தன் காலை அமுக்கிக் காட்டி, "பாரு, சீல் குத்துறேன்" என்பார்.

நான் சேர்ந்த நான்காம் நாள் பிற்பகல் டிரெஸ்ஸர் வந்து, "உம்மட மனிசி வந்திருக்கிறா" என்றார்.

அட்டையில் இருந்த வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீடு இருக்கிறவனுக்குத்தான் அது தோன்றும்.

அவள் வாசலில் நின்றாள். மலாய்ப் பெண்களைப் போல் கெபாயாச் சட்டையும் சாரோங்கும், நெற்றியில் திருநீறு, கையில் மூடிபோட்ட இரும்புக் கிண்ணம். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கரும்பலகையைப் பார்த்தாள். பிறகு கட்டில்களை எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.

அறை முழுக்க எங்களையே பார்த்தது. சயாமுக்குப் போய்த் திரும்பியவனைப் பெண்டாட்டி பார்க்கிற நேரம் அல்லவா. டிரெஸ்ஸரும் நின்றார்.

அவள் கத்தியிருந்தால் அன்றே நான் கொட்டகைக்குப் போயிருப்பேன். அவள் கத்தவில்லை. கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்தாள். காலில் இருந்த கட்டைப் பார்த்தாள். "குருஸ் பெத்துல்" என்றாள். ரொம்பவும் இளைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அது அறைக்காகச் சொன்னது. டிரெஸ்ஸர் நகர்ந்ததும், கிண்ணத்தைத் திறந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். மலாயில்தான் கேட்டாள், நான் தமிழில் எழுதுகிறேன்.

"அவர் எங்க?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழங்கோடு கொஞ்சம் அரிசி கலந்த சோறு, ஒரு துண்டு மீன். அந்த நாளில் ஒரு வீட்டில் அரிசி எடுப்பது என்றால் என்னவென்று அன்று இருந்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாய் அள்ளினாள். "சாப்பிடுங்க. பார்க்கிறாங்க" என்றாள்.

சாப்பிட்டேன். கணவனுக்கு ஆக்கிய சோற்றை, அவன் இல்லை என்று தெரிந்த நிமிடத்தில், அவன் பெயரைத் திருடியவனுக்கு அவள் ஊட்டினாள். எனக்குப் பசி. அதையும் மறைக்கவில்லை, முழுவதையும் தின்றேன்.

அவள் பெயர் லெட்சுமி. மூன்று நாளைக்கு ஒருமுறை வந்தாள். வரும்போதெல்லாம் கொஞ்சம் கேட்பாள், நான் கொஞ்சம் சொல்வேன். எந்த முகாம், யார் பக்கத்தில் இருந்தது, கடைசியில் தண்ணீர் கிடைத்ததா. தண்ணீர் கிடைத்தது என்றேன். அது பொய். என்னை அபாங் என்று கூப்பிட்டாள். அண்ணன் என்கிற மாதிரி. பெண்டாட்டிகளும் புருஷனை அப்படிக் கூப்பிடுவதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கிராணியைத் தவிர. ஒருநாள் அவள் போனதும் அவர் என் பக்கம் புரண்டார்.

"டேய் ஆறு. புருஷன் பெண்டாட்டி மாதிரியே இல்லையே. ஒரு சண்டை கூடக் காணோம்."

அவர் விடவில்லை. நாலு நாள் குடைந்தார். கடைசியில் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. "நீ செய்றது என்னன்னு தெரியுதா? செத்தவனைச் சாகவிடாம வச்சிருக்கே. அந்தப் பொம்பளை வீட்டுக்குப் போய் அழக்கூட முடியாது."

"நீங்க செஞ்சதைவிட இது பெரிசா?" என்றேன். தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களின் பட்டியலை எழுதியது அவர்தான் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார்.

"நான் எழுதலைன்னா வேறொருத்தன் எழுதுவான்."

"கட்டில்ல நான் படுக்கலைன்னா வேறொருத்தன் படுப்பான். அவ்வளவுதானே?"

"அந்த வேறொருத்தன் இப்ப கொட்டகையில கிடக்கிறானே, அவனைப் போய்க் கேளு."

நான் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், மருந்து கட்டும்போது நான் டிரெஸ்ஸரிடம், கொட்டகையில் இன்றைக்கு எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டேன்.

"மூண்டு" என்றார். கரண்டியைத் துடைத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "நீர் ஏன் கேக்கிறீர்?" என்றார். பிறகு அவரே சொன்னார். "சிட்டி ஆக்கள் இப்பிடித் தமிழ் கதைக்கமாட்டினம். முதல் நாளே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் விட்டீங்க?"

"அட்டை இருந்தது. அட்டை இருக்கோ எண்டுதான் என்னைக் கேக்கச் சொன்னவை. ஆள் ஆரெண்டு கேக்கச் சொல்லேல்லை." கொஞ்ச நேரம் கட்டுத்துணியைச் சுற்றினார். "உமக்கு முன்னால நிண்டவனை நினைவிருக்கோ? உண்மையைச் சொன்னவன். அவனைப் பின்னால அனுப்பினேன். ஆறு நாள் இருந்தான். நான் செய்தது சரியோ பிழையோ எண்டு என்னைக் கேக்காதையும். எனக்குத் தெரியாது."

மார்கழி பாதி போயிற்று. புண்ணின் ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை வர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு மூன்று வாரம் கழுவிப் பொடி போட்டால் கால் நிற்கும், விட்டால் மறுபடி அழுகும் என்றார் டிரெஸ்ஸர். எனக்கு அந்த இரண்டு மூன்று வாரம்தான் வேண்டியிருந்தது.

அடுத்த முறை லெட்சுமி வந்தபோது அவள் கை விரல்களில் வெள்ளைக் கோலமாவு ஒட்டியிருந்தது. வீடு கழுவுகிறார்களாம், பர்ச்சு வருகிறதாம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவருக்கு இலை போடுவீங்களா?"

"போட முடியாது, அபாங். அன்னிக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வருவாங்க. எத்தனை இலை, யாருக்கு எதுன்னு எல்லாருக்கும் தெரியும். உயிரோட இருக்கிறவருக்கு இலை போட்டா அவர் ஆயுசைக் குறைக்கிறதுன்னு சொல்வாங்க. மாமியாருக்கு நடக்க முடியாது, அதனாலதான் இங்க வரலை. தினமும் கேட்கிறாங்க, அவன் கால் எப்படி இருக்குன்னு. நல்லா ஆறுதுன்னு சொல்றேன்."

"நிஜத்தைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா தெரு முழுக்கத் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் வரும். உங்க கால்?" என்றாள். பிறகு கிண்ணத்தைத் துணியில் கட்டினாள். "இந்த வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் போடலாம். அவர் பொறுத்துக்குவார்."

பொறுத்துக்குவார் என்று அவள் சொன்னபோது, சாத்திய கதவுக்கு வெளியே, எல்லாருடைய அப்பன்களும் பாட்டன்களும் உள்ளே போக, நாகப்பன் மட்டும் நிற்பது எனக்குத் தெரிந்தது. எனக்கு அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் அவனுக்கு இருந்தது. அவளுக்கும் இருந்தது. பசி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவன் எப்படிப் பசித்தான் என்றும் தெரியும்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. நல்லவனாக உடனே எழுந்துவிடவில்லை. காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, கழுவி முடித்ததும், டிரெஸ்ஸரிடம் கரும்பலகையைக் காட்டினேன்.

"அந்தப் பேரை அழிச்சிடுங்க. அவன் சயாம்ல செத்துட்டான்னு அவங்க வீட்டுக்கு ஆள் விடுங்க."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். "அழிச்சால் உம்மை இங்க வைச்சிருக்கேலாது. தெரியுமோ?"

"தெரியும்."

"ஓரம் இன்னும் மூடேல்லை."

"தெரியுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு போய்க் கந்தல் துணியால் ஆறாம் எண்ணுக்கு நேரே துடைத்தார். அறையில் அந்தத் துணிச் சத்தத்துக்கு எல்லோரும் பழகியிருந்தார்கள். அழித்தால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம். கட்டிலில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர்களுக்குக் குழப்பம்.

கிராணி எழுந்து உட்கார்ந்தார். "வெறும் ஆள் விட்டுச் சொன்னா அந்தக் கிழவி நம்பாது. காகிதம் வேணும். கொண்டா." முகாம், நோய், கிடந்த நாட்கள், பார்த்தவன் பெயர் எல்லாம் என்னிடம் கேட்டு, மலாயில், அழகான கையெழுத்தில் எழுதினார். அவர் கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது. எழுதிவிட்டு மை காய ஊதினார். "எத்தனையோ பேரை உயிரோட எழுதி அனுப்பினேன். ஒருத்தனையாவது செத்த பிறகு எழுதிட்டேன்" என்றார். நான் காகிதத்தின் அடியில் என் பெயரைப் போட்டேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து.

இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பதினேழு பேர் இருந்தார்கள். தரையில் சாக்கு. மழை சாய்வாக அடித்தால் நனைந்துவிடும். யாரும் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. காலையில் ஒருவன் வந்து காலால் தட்டிப் பார்ப்பான், அசையாதவர்களை எண்ணுவான். அங்கே கரும்பலகை கிடையாது. டிரெஸ்ஸர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து, பையிலிருந்து சின்னக் காகிதப் பொட்டலம் எடுத்து என் புண்ணில் தூவிவிட்டுப் போவார். யாருடைய பங்கிலிருந்து எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்தவன் அந்தப் பொட்டலத்தையே பார்ப்பான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பொங்கலன்று காலை லெட்சுமி வந்தாள். வெள்ளை உடுத்தியிருந்தாள். கண் வீங்கியிருந்தது, இத்தனை நாள் அழாததை எல்லாம் அழுதிருக்க வேண்டும். முதலில் பள்ளிக்கூடத்து அறைக்குப் போய், அங்கிருந்து கேட்டுக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். என் முன்னால் தரையில் உட்கார்ந்து வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நேத்து அவர் இலையில வச்சது" என்றாள். "மாமியாரைத் தூக்கிட்டு வந்து வெளியே உட்கார வச்சோம். கதவைச் சாத்தினோம். அவங்கதான் திறக்கவே விடலை. இன்னும் கொஞ்ச நேரம், அவன் ரொம்ப தூரத்திலேருந்து வரணும்னு சொல்லிட்டே இருந்தாங்க."

கிழங்கு, கொஞ்சம் சோறு, பிண்டாங் மீன் குழம்பு. ஓரத்தில் ஒரு கரண்டி சிஞ்சாலோக். அவன் கேட்டதை நான் எப்போதோ அவளிடம் சொல்லியிருந்தேன்.

சாப்பிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்க பேர் என்ன, அபாங்?" என்றாள். அத்தனை நாளில் ஒருமுறைகூட அவள் அதைக் கேட்டதில்லை. கேட்க இடம் இருந்ததில்லை.

"சடையன்."

அவள் நாக்குக்கு அது வரவில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது முறை சரியாக வந்தது.

இலையில் பாதி மீதி இருந்தது. பக்கத்தில் கிடந்தவனிடம் அதை நகர்த்தினாள். அவன் கண் திறந்திருந்தது, வாய் அசையவில்லை. ஒரு பருக்கையை அவன் உதட்டில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது, மூச்சில்கூட அசையவில்லை.

"இவர் பேர் என்ன?" என்று என்னைக் கேட்டாள்.

நான் அவன் பக்கத்தில் பத்து நாளுக்கு மேல் படுத்திருந்தேன். தெரியாது என்றேன்.

அவள் எழுந்து போகவில்லை. அவன் தலைமாட்டுப் பக்கம் நகர்ந்து, தோள்துணியால் ஈயை விரட்டிக்கொண்டு, உச்சி வெயில் வரும்வரை உட்கார்ந்திருந்தாள்.